ஓலை நடாத அடைப்பு

ரிதா பென் அய்யாதின் தொடர்கதை துனிஸ் வாரப் பத்திரிகையில் தொடங்கிய வெள்ளிக்கிழமை காலையில் உம் ஸம்ரா என்ற தீவு ஊரின் படகுத்துறை காணாமல் போனது. காற்று இல்லை, அலை இல்லை, முந்தின நாள் சாயங்காலம் வரை அதன் மேல் உட்கார்ந்து ஆட்கள் வலை பின்னிக்கொண்டிருந்தார்கள். விடிந்தபோது கல் இருந்த இடத்தில் தண்ணீர் இருந்தது, அவ்வளவுதான். அதில் கட்டியிருந்த படகுகள் எங்கும் போய்விடவில்லை; கயிறுகள் முடிச்சு அவிழாமல் வெறும் காற்றைச் சுற்றிக்கொண்டு விறைப்பாக நின்றன. மீனவர்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கூடைகளைத் தலையில் சுமந்து கரையேறினார்கள், வாய் வலிக்கும் வரை அரசாங்கத்தைத் திட்டினார்கள். பேய்க்கணவாய் அன்றைக்கும் வழக்கமான விலைக்குத்தான் போனது. மதியம், தீவின் மறுமுனையில் ஸ்ஃபாக்ஸ் கப்பல் இறக்கிவிட்டுப் போன பத்திரிகைக் கட்டு ஊருக்குள் வந்தது. முடிதிருத்தும் தாஹர் கடை வாசலில் நின்று அதை உரக்கப் படித்தார். கதை நடக்கும் ஊருக்கு மர்ஸா ஸர்கா என்று பெயர். அப்படி ஓர் ஊர் எந்த நாட்டு வரைபடத்திலும் கிடையாது. ஆனால் முதல் பத்தியில் வந்த துறை உம் ஸம்ராவின் துறையேதான். உடைந்த படி, பாசி வழுக்கும் மூலை, யாரோ ஒரு கிழவர் ஆணியால் கீறிவைத்த மீன் படம், எல்லாம் அப்படியே இருந்தன.

"நம்ம துறை பேப்பர்ல ஏறிடுச்சுய்யா!" என்று கூட்டம் கைதட்டியது. துறை பேப்பரில் ஏறியதும் கடலிலிருந்து இறங்கியதும் ஒரே நாள் என்று அன்றைக்கு யாருக்கும் உறைக்கவில்லை. பெருமை வந்துவிட்டால் கண் மங்குவது எல்லா ஊரிலும் உள்ளதுதான். அடுத்த வெள்ளிக்கிழமை மசூதிப் பக்கத்து அத்திமரம் போனது. பள்ளம் கூட இல்லை, தரை சமமாக இருந்தது. அதற்கடுத்த வாரம் மலைமேட்டு ஸியாரத் சமாதியின் வெள்ளைக் கும்மட்டம் போய், உள்ளே அடங்கியிருந்த பெரியவர் மழையில் நனைந்தார். பிறகு ஒரு வாரம் எதுவும் குறையவில்லை என்று எல்லோரும் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். சாயங்காலம்தான் ஊர்ப் பூனைகள் மூட்டை கட்டாத குறையாகக் கிளம்பிப் போவதைக் கண்டார்கள். கொடியில் காயும் பேய்க்கணவாயின் வாசனை போயிருந்தது. கணவாய் இருந்தது, காய்ந்தது, மென்றால் தோல் செருப்பைப் போல இருந்தது. அந்த வார அத்தியாயத்தில் ரிதா அந்த வாசனையை ஒரு முழுப் பக்கத்துக்கு எழுதியிருந்தார். படித்த துனிஸ்காரர்களுக்கு நாக்கில் நீர் ஊறியதாகக் கடிதங்கள் வந்தனவாம்.

ரிதா அந்நியர் இல்லை. நெஞ்சுச்சளி பிடித்த சின்னப் பிள்ளையாக அவர் அம்மாவோடு கடற்காற்றுக்கு வந்தவர், பிறகு ஒரு கோடையும் தவறவிட்டதில்லை. மற்ற பணக்காரர்கள் ஹம்மாமெத்தில் குடை விரித்துப் படுத்திருக்க, இவர் உம் ஸம்ராவில் மீனவன் ஷாதிலியின் வீட்டு மாடியறையில் தங்கினார், ஷாதிலியோடு கடலுக்குப் போனார், ஷாதிலியின் சட்டையைப் போட்டுக்கொண்டு திரிந்தார். இந்த ஊரை அவர் நேசித்த மாதிரி இந்த ஊர்க்காரன் எவனும் நேசித்ததில்லை, அவனவனுக்கு இங்கே வேலை இருந்தது. ஊரும் அவரை நேசித்தது. அவருடைய முதல் புத்தகத்துக்குப் பரிசு கிடைத்த வருடம், ஊர்ப் பெரியவர்கள் கூடி அவருக்குக் கடலில் ஒரு மனை கொடுத்தார்கள்.

இந்தத் தீவில் கடலுக்கும் மனை உண்டு. வீட்டுமனை பிரிப்பது போலக் கடலைப் பிரித்து, தகப்பனிடமிருந்து பிள்ளைக்குக் கொடுத்துவருகிறார்கள். அவரவர் மனையில் இலையுதிர் காலத்தில் ஈச்சை ஓலைகளை வரிசையாக நட்டு வேலி கட்டுவார்கள். வற்றும் தண்ணீரோடு திரும்பும் மீன் வேலியோரமாகவே போய்க் கடைசியில் கூண்டில் விழும். இதற்குப் பெயர் அடைப்பு. அடைப்புக்குள் போனது அடைப்புக்காரனுக்கு. அவனாகத் திறந்துவிடும் வரை அடுத்தவன் அதில் கை நீட்டக் கூடாது. அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கலாம், கொலைகூட நடந்திருக்கிறது, ஆனால் அடுத்தவன் அடைப்பைத் தொட்டவன் உம் ஸம்ராவில் பிறந்ததில்லை. ஓலை நடாத மனை ஊருக்குத் திரும்பிவிடும் என்பதும் சட்டம். ரிதா ஒரு குச்சிகூட நடவில்லை. படகை அந்த மனையின் நடுவில் நிறுத்திவிட்டு மடியில் தாளை வைத்துக்கொண்டு கோடைக்குக் கோடை எழுதினார். "எழுத்தாளனை ஓலை நடுன்னு சொல்லறதா? அவருக்குப் புடிச்சதை நட்டுக்கட்டும் விடுங்கப்பா," என்று பெரியவர்கள் பாசத்தில் கண்டும் காணாமல் இருந்தார்கள். அந்தப் பாசம்தான் ஊரைக் குடித்தது. கடலுக்குப் பாசம் தெரியாது, மனை தெரியும், வேலி தெரியும்.

இதையெல்லாம் கண்டுபிடித்துச் சொன்னவர் கிழட்டு ராயிஸ் ஹமூதா. தீவின் படகோட்டிகளுக்கெல்லாம் தலைவர், ஒரு கண்ணில் பூ விழுந்தவர். வாசனை போன மறுநாள் தாஹரின் கடையில் வைத்து அவர் தீர்ப்புச் சொன்னார். "இதுல என்ன மர்மம் இருக்கு? அந்த மனைல உக்காந்து எழுதினது அந்தக் கதை. கதைதான் அவரோட வேலி. நம்ம துறை அதுக்குள்ள போச்சு, மரம் போச்சு. போனது அவருக்கு." மனசுக்குள் எல்லோரும் தங்கள் தங்கள் அடைப்பை நினைத்துக்கொண்டார்கள். ஒருவன் வேலி செல்லாது என்று சொல்லிவிட்டால் நாளைக்கு எவன் வேலி செல்லும்? துறை இல்லாமல் சமாளித்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று.

அடுத்த வெள்ளிக்கிழமை ஷாதிலி போனான். அவன் மனைவி பஹீஜா எதிரில்தான் இருந்தாள். பார்லி ரொட்டியைப் பிட்டு எண்ணெயில் தோய்த்து ஒரு கடி கடித்தவன், ஜன்னல் பக்கம் திரும்பி, "இன்னிக்கு மதியத்துக்கு மேல காத்து" என்றான். அவ்வளவுதான் சொன்னான். கடித்த ரொட்டி தட்டில் விழுந்தது. நாற்காலியின் சூடு ஆறுவதற்குள் பஹீஜா தெருவுக்கு ஓடி, யாரையும் கூப்பிடாமல், எட்டு மைல் நடந்து கப்பல்துறைக்கே போய்ப் பத்திரிகையை வாங்கினாள். அவளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். மர்ஸா ஸர்காவில் ஸாலெம் என்ற மீனவன் ரொட்டியைத் தோய்த்தபடி, "தெக்க திரும்பிடும், பாத்துக்க" என்று வாக்கியத்தை முடித்துக்கொண்டிருந்தான். ஷாதிலிக்குப் போலவே அவனுக்கும் முன்பல் உடைந்திருந்தது. சிரிக்கும்போது கையால் வாயை மூடும் பழக்கம் இருந்தது. அடுத்த வரியை அவள் விரல் வைத்துத் திரும்பத் திரும்பப் படித்தாள். ஸாலெமுக்குக் கடலைத் தவிர வேறு துணை கிடையாது, அவன் மணம் செய்துகொள்ளவே இல்லை என்று எழுதியிருந்தது. பத்தொன்பது வருடம் குடும்பம் நடத்தியவளுக்கு இதைவிட வேறென்ன செருப்படி வேண்டும்.

அவள் நேராக ஹமூதாவிடம் போனாள். ராயிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஷாதிலி அவர் கையால் தொழில் கற்றவன். ஆனாலும் தலையை ஆட்டினார்.

"போனது மனுஷன், ராயிஸ். மத்தி மீன் இல்ல."

"புரியுதும்மா. ஆனா அடைப்பு அடைப்புதான். அவரே தொறந்துவிட்டா உண்டு."

"தொறக்கச் சொல்லி நீங்க யாராச்சும் கேட்டீங்களா? உங்க துறை போச்சு, உங்க ஸியாரத் போச்சு, வாய்ல கொழுக்கட்டை வெச்ச மாதிரி உக்காந்திருக்கீங்க. உங்க அடைப்பு பத்திரமா இருந்தா சரி, இல்ல?"

ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். தாஹர் மட்டும் கத்தரிக்கோலை வைத்துவிட்டு வந்து, அடுத்த வாரக் கதைக்கு முன்னோட்டம் போட்டிருக்கிறார்கள் என்று பத்திரிகையின் அடிப்பக்கத்தைக் காட்டினார். ஸாலெம் புயலில் சிக்குகிறான், மீள்வானா என்று கேட்டிருந்தது. பஹீஜா மறுநாள் கப்பலேறி, ஸ்ஃபாக்ஸில் ரயில் பிடித்துத் துனிஸுக்குப் போனாள். வெறுங்கையோடு போகக் கூடாதென்று வாசனையில்லாத கணவாயை ஒரு துணியில் முடிந்துகொண்டாள்.

ரிதாவின் வீடு நாலாவது மாடியில் இருந்தது. கதவைத் திறந்ததும் உம் ஸம்ராவின் வாசனை முகத்தில் அறைந்தது. மாடிப்படி முழுக்கப் பூனைகள் உட்கார்ந்திருந்தன. நரைத்துப்போய், கம்பளிக் கோட்டுக்குள் சுருங்கிப்போய் நின்ற மனிதர் அவளை யாரென்று தெரியாமல் பார்த்தார். ஷாதிலியின் மனைவி என்றதும் உட்காரச் சொன்னார், தேநீர் போட்டார், விஷயத்தைக் கேட்டுவிட்டுக் குலுங்கி அழுதார். அந்த அழுகையில் பொய் இல்லை. "நான் எதையும் எடுக்கலம்மா. அந்த ஊரு இல்லாம எனக்கு மூச்சு விட முடியல. நினைச்சேன், எழுதினேன். வேற ஒண்ணும் தெரியாது."

"தெரிய வேணாம் உஸ்தாத். அவரை வெளிய விடுங்க."

எப்படி விடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. இந்த வார அத்தியாயம் அச்சுக்குப் போய்விட்டது. அதில் ஸாலெமின் படகு புயலுக்குள் போய்விட்டது. அடுத்த அத்தியாயத்தில் அவன் மூழ்க வேண்டும், கதை அப்படித்தான் போகிறது என்றார். கதை எங்கே போனால் எனக்கென்ன, புயலை நிறுத்துங்கள் என்றாள் அவள். அவர் மேஜையில் உட்கார்ந்து அவள் கண்முன்னே எழுதினார். காற்று தணிந்தது என்று தொடங்கும் வாக்கியம் மூன்றாவது வரியில் தானாகவே படகைக் கவிழ்த்தது. அடித்துவிட்டு மறுபடி எழுதினார். கரை தெரிந்தது என்று எழுதினால் அது மூழ்குகிறவன் கடைசியாகப் பார்த்த கரையாக முடிந்தது. தாள்கள் தரையெல்லாம் விழுந்தன. அவருக்கு அழகாக மூழ்கடிக்கத் தெரிந்திருந்தது, காப்பாற்றத் தெரியவில்லை.

"சரி, என்னையும் அதுக்குள்ள போடுங்க," என்றாள் பஹீஜா. "படகுல ரெண்டாவது ஆளு இருந்தா தண்ணி எறைச்சுக் கொட்டலாம். அவருக்குத் தனியாத் துடுப்புப் போட்டுப் பழக்கமில்ல."

ரிதா அவளை ஜன்னலோரம் உட்காரவைத்துப் பார்த்துப் பார்த்து எழுதினார். மூக்கை எழுதினார், நெற்றியில் குத்தியிருந்த பச்சையை எழுதினார், கையிலிருந்த தழும்பை எழுதினார். அவள் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். ஒரு மயிர்கூடக் குறையவில்லை. பொழுது சாய்ந்தபோது அவர் பேனாவை வைத்துவிட்டு, வெட்கத்தோடு, "உன்னை எனக்கு ஞாபகமே இல்லம்மா" என்றார். "அந்த வீட்டுல... மாடிக்குத் தட்டு கொண்டுவந்தது யாரு?"

"நான்தான்."

"துணி தொவைச்சது?"

"நான்தான். ஒரு வருஷம் உங்களுக்குக் காய்ச்சல் வந்து பதினஞ்சு நாள் படுத்தீங்களே, கஞ்சி ஊத்தினதும் நான்தான். நீங்க அப்பவும் கடலைத்தான் பாத்துக்கிட்டு இருந்தீங்க."

நேசித்ததைத்தான் அவருடைய எழுத்து இழுத்துக்கொண்டது. பார்க்காததை எப்படி இழுக்கும். அத்திமரத்துக்குக் கிடைத்த இடம் தனக்கு இல்லை என்று பஹீஜாவுக்குத் தெரிந்துபோயிற்று. அழுகை முட்டிக்கொண்டு வந்தது, இந்த ஆள் முன்னால் அழக் கூடாதென்று அடக்கிக்கொண்டாள். "அப்ப அடைப்பை எனக்குக் குடுங்க," என்றாள்.

மனையைக் கைமாற்றுவதென்றால் கொடுப்பவர் காலும் வாங்குபவர் காலும் கடலில் நனைந்திருக்க வேண்டும். இருவரும் ரயிலேறி, துனிஸுக்குப் பக்கத்துக் கடற்கரையான ஹல்க் அல்-வாதிக்குப் போனார்கள். குளிர்காலம், மீன் பொரிக்கும் கடைகள் பாதி மூடிக் கிடந்தன. ரிதா கோட்டைக் கழற்றாமல் காற்சட்டையை மட்டும் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். இதற்குள் வந்ததும் இனி வருவதும் உன்னுடையது, நீ திறக்கும் வரை யாருக்கும் பங்கில்லை என்று பல் கிட்டிக்க முறைப்படி சொன்னார். கரையில் நின்ற இரண்டு சிப்பாய்கள், யாரோ புருஷன் பெண்டாட்டி ஏதோ நேர்த்திக்கடன் செலுத்துகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள். அடுத்த வாரப் பத்திரிகையில் ஆசிரியரின் உடல்நலம் கருதித் தொடர்கதை நிறுத்தப்படுகிறது என்று அறிவிப்பு வந்தது. ரிதா அதற்குப் பிறகு நெடுநாள் இருந்தார், பெரிய நகரங்களையும் ஹோட்டல்களையும் பற்றி எழுதினார், அவற்றிலிருந்து ஒரு செங்கல்கூட அசையவில்லை. உம் ஸம்ராவுக்கு அவர் மறுபடி வரவே இல்லை.

பஹீஜா தீவுக்குத் திரும்பியபோது அவள் கைக்கு வந்த மனையின் மேல், பாதியில் விட்ட கதையின் புயல் நின்றுகொண்டிருந்தது. சுற்றிலும் கடல் எண்ணெய் ஊற்றியது போலக் கிடந்தது; அந்தச் சதுரத்துக்குள் மட்டும் அலை ஆளுயரத்துக்கு எழுந்தது, மழை அந்த நாலு மூலைக்குள் கொட்டியது, மின்னல்கூட எல்லை தாண்டவில்லை. நடுவில் ஒரு படகு ஏறி இறங்கியது. துடுப்போடு ஒருவன் அதில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். கரையில் ஊரே நின்றது. பஹீஜா படகைத் தள்ளச் சொன்னாள். ஹமூதா அவள் கையைப் பிடித்தார்.

"நீ தொறந்தா துறை வரும், மரம் வரும், கும்மட்டம் வரும், உன் புருஷனும் வருவான். ஆனா புயலும் கூட வரும்மா, அதுவும் உள்ளதான் இருக்கு. வெளிய வந்தா அது முடியும். முடியறப்ப அவன் படகு எப்படி இருக்கும்னு நான் எப்படிச் சொல்ல?"

"முடியாம இருந்தா?"

"இருக்கான் பாரு. இப்படியே இருப்பான்."

அவள் வெகுநேரம் நின்று பார்த்தாள். பிறகு, காற்று குறையட்டும், திறக்கிறேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள். காற்று குறையவில்லை. குறைந்தது என்று எழுத ஆள் இல்லை. வருடங்கள் போயின. துறை இல்லாததால் இளவட்டங்கள் வேறு ஊருக்குத் தொழிலுக்குப் போனார்கள், கணவாயை வாங்க ஆள் வராமல் போயிற்று, பாதி வீடுகளில் பூட்டுத் தொங்கியது. திறந்துவிடு தாயே என்று ஊர்க்காரர்கள் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அவள் வாசலில் வந்து நின்றார்கள். என் அடைப்பு, என் இஷ்டம் என்றாள் பஹீஜா. சட்டம் அவள் பக்கம் இருந்தது. ஊர் அவள் கையால் செத்துக்கொண்டிருந்தது என்பது அவளுக்கும் தெரியும். தெரிந்தேதான் செய்தாள். ஹமூதா போய்ச் சேர்ந்தார், தாஹர் கடையை மூடிவிட்டு மகனிடம் ஸ்ஃபாக்ஸுக்குப் போனார்.

மிச்சமிருக்கும் படகுகள் இப்போது அந்த இடத்தைப் பாறையைச் சுற்றுவது போலச் சுற்றிக்கொண்டு போகின்றன. பஹீஜா தினமும் மத்தியானம் சின்னப் படகில் எல்லையோரம் வரை போவாள். ரொட்டியை எண்ணெயில் தோய்த்துத் துணியில் சுற்றி, எல்லைக்கு உள்ளே கொட்டும் மழைக்குள் தலையை நீட்டி வீசுவாள், அவன் பிடித்துக்கொள்வான். அவனுக்கு இன்னும் நாற்பத்தி நாலு வயது. அவளை அவனுக்கு அடையாளம் தெரியாது; அவனுக்குத்தான் மணமே ஆகவில்லையே. முதல் சில வருடங்கள் அவளைத் தங்கச்சி என்று கூப்பிட்டான். அப்புறம் அக்கா என்றான். இப்போது அம்மா என்கிறான்.

"அம்மா, இந்தக் காத்துல தனியா வராதீங்கன்னு எத்தனை தடவை சொல்லறது? வீட்டுல தேட மாட்டாங்களா?"

"யாரு தேடறது? வீட்டுக்காரர் கடலுக்குப் போயிருக்காரு."

"நல்ல மனுஷன் போங்க, வயசான காலத்துல உங்களைத் தனியா விட்டுட்டு. எப்ப வருவாராம்?"

"காத்து அடங்கினதும்."

அவன் கையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பான், மறுபடி துடுப்பை வலிக்கத் தொடங்குவான். பஹீஜா சற்று நேரம் பார்த்திருந்துவிட்டுப் படகைத் திருப்புவாள். கோடை முழுக்க, மழையே பெய்யாத மாதங்களிலும், அவள் வீட்டுக் கொடியில் ஓர் ஈரச் சால்வை காய்ந்துகொண்டிருக்கும். தெருவில் போகிறவர்கள் குனிந்து அதன் கீழே நுழைந்து போவார்கள்.